படுத்திருக்கிறதா, நின்றிருக்கிறதா? தட்டு மூலக்கூறு மென்படலங்களை ஒளியால் அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன பருவத்தில் ஒரு முதுகலை மாணவி மைக்ரோஸ்கோப் படம் ஒன்றைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டினாள். படம் முழுக்கக் கறுப்பு. “அக்கா, மூலக்கூறுகள் எல்லாம் அழகாகப் படுத்துவிட்டன” என்றாள். ஸ்லைடைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன். கறுப்பு. சூடேற்றச் சொன்னேன். அப்போதும் கறுப்பு. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதில் படலமே இல்லை. கழுவி வைத்திருந்த வெற்றுக் கண்ணாடியைத்தான் அரை மணி நேரமாகப் படம் பிடித்திருக்கிறாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. தட்டு வடிவ மூலக்கூறுகள் கண்ணாடியின்மேல் படுத்திருக்கின்றனவா, நின்றிருக்கின்றனவா என்று பார்க்கும் இந்தச் சோதனையில் சரியான விடையும் தவறான விடையும் பல நேரம் ஒரே மாதிரித்தான் தெரியும். சென்னை ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் எங்கள் ஆய்வகத்தில் இருப்பது எந்த அலைநீள ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று அளக்கும் ஒரு சாதாரண ஸ்பெக்ட்ரோமீட்டரும், ஒரே திசையில் அதிரும் ஒளியில் பார்க்கும் ஒரு பழைய போலரைசிங் மைக்ரோஸ்கோப்பும்தான். அவற்றை வைத்து இந்த அளவீட்டை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே கால் இடறும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள், பாதித் தவறுகள் வரிசை மாறுவதால்தான் வருகின்றன.

1. தட்டு எந்த ஒளியை விழுங்கும்?

தாலோசயனின், டிரைஃபினிலீன் போன்றவை தட்டு மூலக்கூறுகள். ஒரு அப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒளியின் மின்புலம் அப்பளத்தின் பரப்பிலேயே எந்தத் திசையில் அதிர்ந்தாலும் அது விழுங்கும். பரப்புக்குச் செங்குத்தாக அதிர்ந்தால் கண்டுகொள்ளாது. காப்பர் தாலோசயனினின் சிவப்புப் பகுதிப் பட்டைக்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அதன் நிலைமாற்ற இருமுனைகள் (ஒளியை விழுங்கும் திசைகள்) இரண்டும் தட்டின் தளத்துக்குள்ளேயே கிடக்கின்றன.

படலத்தில் அப்பளங்கள் எல்லாம் கண்ணாடியின்மேல் படுத்திருந்தால், நேராக விழும் ஒளியை அவை முழு அளவில் உட்கவரும். நின்றிருந்தால், எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பது கலவையாக இருப்பதால், அதில் பாதியளவே உட்கவரும். வித்தியாசம் இரண்டு மடங்குதானே, ஒரே அளவீட்டில் தெரிந்துவிடுமே என்று தோன்றும். தெரியாது. படலத்தின் தடிமனை அவ்வளவு துல்லியமாக நீங்கள் அறிய மாட்டீர்கள். மெல்லிய படுத்த படலமும் தடித்த நின்ற படலமும் நேர் ஒளியில் ஒரே எண்ணைக் கொடுக்கும். ஆகவே சாய்த்து அளக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் மற்ற எல்லாமே அந்தச் சாய்ப்பைச் சரியாகச் செய்வதற்கான ஏற்பாடுகள்தான்.

கம்பி வடிவத் திரவப் படிகங்களில் வேலை செய்துவிட்டு வருபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கம்பியில் அச்சுத் திசைதான் விழுங்கும் திசை. தட்டிலோ அச்சுத் திசை ஒன்றுதான் விழுங்காத திசை. பழைய சூத்திரத்தை அப்படியே இங்கே போட்டால் குறியும் அளவும் இரண்டும் தவறிவிடும்.

2. எந்தப் பொருளில் தொடங்குவது?

இரண்டு பொருள்களை வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது காப்பர் தாலோசயனின். பெயிண்டிலும் அச்சு மையிலும் இருக்கும் அதே நீலம். அது 600 முதல் 700 நானோமீட்டர் வரையிலான பகுதியில் பலமாக உட்கவர்கிறது. அங்கே சாதாரணக் கண்ணாடி தெளிவாக இருக்கும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் மலிவான போலராய்டு தாளும் (அதுதான் நம் போலரைசர்) ஒழுங்காக வேலை செய்யும். கண்ணாடியின்மேல் இது பெரும்பாலும் நின்ற நிலையில் அமையும் என்பது பலரும் பலமுறை பார்த்த செய்தி. எனவே உங்கள் கருவியும் கணக்கும் சரியா என்று சோதிக்க இது நல்ல உரைகல்.

இரண்டாவது ஹெக்சாபென்டைலாக்சிடிரைஃபினிலீன். இனி டிரைஃபினிலீன் என்றால் இதுதான். சுமார் 69 டிகிரி செல்சியஸிலிருந்து 122 டிகிரி வரை தட்டுகள் காசு அடுக்கு போல் தூண்களாக அடுக்கப்பட்டு, தூண்கள் அறுகோண ஒழுங்கில் நிற்கும் நிலை இதற்கு உண்டு. மைக்ரோஸ்கோப்பில் கை பழக இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இது உட்கவர்வது புற ஊதாவில், 280 நானோமீட்டரை ஒட்டி. அங்கே ஸ்லைடு கண்ணாடி ஒளியை மறித்துவிடும், போலராய்டும் மறித்துவிடும். குவார்ட்ஸ் தட்டும் கால்சைட் பட்டகமும் கைவசம் இல்லாமல் இதை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து, வந்த கோட்டுக்கு விளக்கம் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அளந்தது கண்ணாடியை.

3. மேசையில் முன்பே இருக்க வேண்டியவை

போலராய்டு தாள் நேர்கோட்டு வகையாக இருக்க வேண்டும். கேமரா கடையில் கிடைக்கும் வட்ட வகை ஃபில்டரில் பின்பக்கம் ஒளியின் அதிர்வை வட்டமாக்கும் ஒரு கால் அலைத் தகடு ஒட்டியிருக்கும். அது திரும்பியிருந்தால் படலத்தைத் தொடும் ஒளிக்கு நீங்கள் நினைக்கும் திசையே இருக்காது. போலராய்டு 750 நானோமீட்டரைத் தாண்டினால் கசியத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாய்வு மேடை விலைக்குத் தேட வேண்டாம். அக்ரிலிக் துண்டு, பள்ளிக்கூடக் கோணமானி, நடுவில் ஒரு ஆணி போதும். எங்களுடையதை வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் துளை போட்டு வாங்கினோம். முக்கியமானது, 0, 15, 30, 45, 60 டிகிரிகளில் ஊசி செருகி நிறுத்தும் துளைகள். கண்ணால் பார்த்துக் கோணம் வைத்தால் வெற்றுக் கண்ணாடிக்கு ஒரு கோணமும் படலத்துக்கு வேறொரு கோணமும் ஆகிவிடும். கோணம் கொஞ்சம் தவறாக இருந்தால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் வெவ்வேறாக இருந்தால் முடியாது.

கறுப்பு சார்ட் தாளில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சாளரம் வெட்டி ஒளிக்கற்றையின் பாதையில் வையுங்கள். 60 டிகிரி சாய்க்கும்போது கற்றை படலத்தின்மேல் இரண்டு மடங்கு அகலமாக விரியும். சாளரம் இல்லாவிட்டால் விரிந்த பகுதி படலத்தின் ஓரத்தைத் தாண்டி வெற்றுக் கண்ணாடி வழியாகப் போய்விடும்.

விளக்கை அரை மணி நேரம் முன்பே போடுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் கட்டடமாக இருந்தால் யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்க வேண்டாம். நாம் தேடும் வித்தியாசம் நூறில் சில பங்குதான். விளக்கு அதைத் தின்றுவிடும்.

4. போலரைசரின் அச்சைக் கண்டுபிடியுங்கள்

தாளின் ஓரத்தில் கோடு போட்டிருக்கிறதே என்று நம்ப வேண்டாம். வெட்டியவர் எந்தப் பக்கம் வெட்டினாரோ தெரியாது. கணினித் திரையை வைத்துப் பார்ப்பதும் வேண்டாம்; திரைக்குத் திரை திசை மாறும்.

வராந்தாவுக்குப் போங்கள். எங்கள் கட்டடத்தின் மொசைக் தரையில் காலை வெயில் பளபளக்கும். கண்ணாடி போன்ற எந்தப் பரப்பிலிருந்தும் சாய்வாகப் பிரதிபலித்து வரும் ஒளியில் கிடைமட்ட அதிர்வே மிகுந்திருக்கும். தரையின் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 55 டிகிரி சாய்வில் அந்தப் பளபளப்பைத் தாள் வழியாகப் பார்த்துக்கொண்டே தாளைச் சுழற்றுங்கள். பளபளப்பு மிக மங்கும் நிலையில் தாளின் அச்சு செங்குத்தாக இருக்கிறது. அந்த நிலையிலேயே மார்க்கரால் கோடு போடுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டால் கடைசியில் நின்ற தட்டு படுத்ததாகவும் படுத்தது நின்றதாகவும் வரும். தவறு எங்கே என்று தேடக்கூடத் தோன்றாது, ஏனென்றால் எண்கள் அவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

5. கண்ணாடியைக் கழுவுதல்

சோப்பு நீர், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன், ஐசோபுரொபனால், பிறகு அடுப்பில் உலர்த்தல். இந்த வரிசையை எல்லோரும் அறிவார்கள். அறியாதது, இடையில் குழாய் நீரில் ஒரு முறை அலசினால் என்ன ஆகும் என்பதுதான். எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் உப்பும் கடினத்தன்மையும் உள்ளது. காய்ந்ததும் சுண்ணாம்புக் கறை புள்ளிகளாக நிற்கும். கால்சியம் கார்பனேட்டுக்கு இரட்டை ஒளிவிலகல் (அதிர்வுத் திசைக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறுவது) மிகப் பலம். அச்சுகள் செங்குத்தாக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு, அதாவது குறுக்குப் போலரைசர்களுக்கு, இடையில் நட்சத்திரம் போல் மின்னும். அதைப் படிகக் கரு என்று எழுதி வைத்த குறிப்பேடு ஒன்று எங்கள் அலமாரியில் இருக்கிறது.

கழுவி முடித்த கண்ணாடியை நீரில் நனைத்துத் தூக்குங்கள். நீர் ஒரே தாளாக வழிந்தால் சுத்தம். துளித்துளியாகச் சுருண்டால் திரும்பவும் முதலிலிருந்து. எண்ணெய்ப் பசை உள்ள பரப்பில் மூலக்கூறு வேறு மாதிரி உட்காரும். நீங்கள் அளப்பது உங்கள் கைரேகையின் விளைவாகிவிடும்.

6. படலம் போடுதல்

காப்பர் தாலோசயனின் எளிதில் கரையாது. வெற்றிடத்தில் ஆவியாக்கித்தான் படியவைக்க வேண்டும். 50 முதல் 100 நானோமீட்டர் வரை தடிமன் போதும். அதைவிடத் தடித்தால் படலத்தின் இரு முகங்களிலும் பிரதிபலிக்கும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறமாலையில் அலை எழுப்பும்.

படியவைக்கும் முன் கண்ணாடியின் ஒரு பாதியை அலுமினியத் தாளால் மூடுங்கள். இதை மறந்துவிட்டுப் பிறகு வருந்தாதவர் எங்கள் ஆய்வகத்தில் இல்லை. மூடிய பாதிதான் உங்கள் ஒப்பீட்டுக் கண்ணாடி. அதே தடிமன், அதே கழுவல், அதே பிடிப்பான். வேறொரு ஸ்லைடை ஒப்பீட்டுக்கு வைத்தால் அதன் தடிமனும் சமதளமும் மாறும். அந்த மாற்றம் முழுவதும் உங்கள் விடைக்குள் வந்து சேரும். செல்லோடேப் ஒட்டி மறைக்க வேண்டாம், பசை பின்தங்கும்.

வெற்றிடக் கருவி கிடைக்காதவர்கள் நீண்ட ஆல்கைல் சங்கிலி ஒட்டிய, கரையும் வகைத் தாலோசயனினை எடுத்துச் சுழல்பூச்சு செய்யலாம். அப்போது கரைப்பானைக் கவனியுங்கள். குளோரோஃபார்ம் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். காற்றின் ஈரம் அதன்மேல் பனித்துளி போல் படிந்து படலத்தில் துளைகளை விட்டுச் செல்லும். படலம் பால் போல் வெளுத்துத் தெரியும். காசிமேட்டு மீன் வாடை ஜன்னல் வழியாக வருகிறது என்றால் கடற்காற்று ஏறிவிட்டது என்று பொருள். அன்று குளோரோஃபார்ம் பாட்டிலைத் திறக்காதீர்கள். காலையிலேயே முடித்துவிடுங்கள், அல்லது மெதுவாக ஆவியாகும் டொலுவீனுக்கு மாறுங்கள். எதுவானாலும் ஆவி உறிஞ்சும் கூண்டுக்குள் மட்டுமே.

முடிந்ததும் கண்ணாடியின் பின்பக்கத்தைத் துடைத்து, படலம் உள்ள பக்கத்தின் வலது மேல் மூலையில் ஒரு கீறல் போடுங்கள். ஒரு வாரம் கழித்து எந்தப் பக்கம் படலம் என்று கேட்டு என்னிடம் வராமல் இருக்க இது உதவும்.

7. மைக்ரோஸ்கோப்: இருட்டை நம்பாதீர்கள்

டிரைஃபினிலீனை இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் வைத்துச் சூட்டு மேடையில் 130 டிகிரி வரை ஏற்றுங்கள். குறுக்குப் போலரைசர்களில் எல்லாம் இருண்டுவிடும், திரவமாகிவிட்டது. இப்போது நிமிடத்துக்கு ஒரு டிகிரியோ அதற்கும் குறைவாகவோ இறக்குங்கள். 122-ஐ ஒட்டிக் கிளை கிளையாக வளரும் பகுதிகள் தோன்றும். விசிறி போல் ஒளிரும் பகுதிகளில் தூண்கள் கண்ணாடிக்கு இணையாகக் கிடக்கின்றன. அதாவது தட்டுகள் நிற்கின்றன. இருட்டாகவே இருக்கும் பகுதிகளில் தூண்கள் செங்குத்து, தட்டுகள் படுத்திருக்கின்றன. மேலிருந்து தூணின் அச்சு வழியாகவே பார்ப்பதால் எல்லாத் திசைகளும் சமம், ஒளி திரும்புவதில்லை.

அவசரமாக இறக்கினால் சிறு சிறு துண்டுகளாக எல்லாத் திசையும் கலந்து வரும். மெதுவாக இறக்குவதற்குக் காரணம் அழகு இல்லை. கண்ணாடிப் பரப்பு தனக்குப் பிடித்த திசையைத் தேர்ந்தெடுக்க அவகாசம் வேண்டும்.

இனி இருட்டு. கறுப்பாகத் தெரிவதற்கு எனக்குத் தெரிந்து நான்கு காரணங்கள். தட்டுகள் படுத்திருக்கலாம். பொருள் இன்னும் திரவமாகவே இருக்கலாம். படலம் மிக மெல்லியதாக இருக்கலாம். நான்காவதை முதல் பத்தியில் பார்த்தீர்கள்.

முதல் இரண்டையும் பிரிக்க ஸ்லைடின் ஓரத்தில் ஒரு மடித்த தாளைச் செருகிச் சாய்த்துப் பாருங்கள். படுத்த தட்டுகளாக இருந்தால், சாய்வின் திசை போலரைசர் அச்சோடு பொருந்தாத வரை, வெளிச்சம் கசியத் தொடங்கும். திரவம் எப்படிச் சாய்த்தாலும் கறுப்புதான். குவிய ஒளியில் பார்க்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. படுத்த தட்டுகள் கறுப்புச் சிலுவை காட்டும்.

மூன்றாவதில்தான் பெரியவர்களும் விழுகிறார்கள். 100 நானோமீட்டர் படலம், இரட்டை ஒளிவிலகல் 0.1 என்று வையுங்கள். பாதை வித்தியாசம் 10 நானோமீட்டர். பச்சை ஒளியில் கணக்கிட்டால் குறுக்குப் போலரைசர்கள் வழியாக வெளியே வருவது ஆயிரத்தில் மூன்று பங்கு. தட்டுகள் முழுக்க நின்றிருந்தாலும் கண்ணுக்கு அது இருட்டே. 530 நானோமீட்டர் முழு அலைத் தகட்டைச் செருகுங்கள். கருஞ்சிவப்புப் பின்னணியில் அந்தப் பத்து நானோமீட்டர் நீலத்தின் பக்கமோ மஞ்சளின் பக்கமோ லேசாகச் சாயும். தூண் நிலையில் இந்தப் பொருள்களுக்கு இரட்டை ஒளிவிலகல் எதிர்க்குறி கொண்டது, அதாவது தூணின் அச்சு வேக அச்சு, அந்தத் திசையில் அதிரும் ஒளிதான் வேகமாகப் போகும். எனவே எந்த நிறம் என்பதிலிருந்து தூண் எந்தப் பக்கம் கிடக்கிறது என்றும் சொல்லலாம். மெல்லிய படலத்துக்கு மைக்ரோஸ்கோப் இவ்வளவுதான் தரும். எண் வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போக வேண்டும்.

8. முதலில் நேர் ஒளி

காப்பர் தாலோசயனின் படலத்தை ஸ்பெக்ட்ரோமீட்டரில் சாய்க்காமல் வையுங்கள். போலரைசரை அசைக்காமல், படலத்தை அதன் தளத்திலேயே 0, 45, 90 டிகிரி சுழற்றி மூன்று முறை அளக்கவும். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வேண்டும். விழாவிட்டால் படலத்துக்குப் பக்கவாட்டில் ஒரு திசை இருக்கிறது. அடுத்து வரும் கணக்கு அதற்குச் செல்லாது. பின்னால் போய்த் தெரிந்துகொள்வதைவிட இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் போலரைசரைச் சுழற்றக் கூடாது? ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணி தானே ஒளியைப் பாதி தளவிளைவுறச் செய்துவிடுகிறது. போலரைசரைத் திருப்பினால் விளக்கின் பலமே மாறியது போலாகும். திருப்பியே ஆகவேண்டிய இடத்தில், ஒவ்வொரு நிலைக்கும் தனி அடிக்கோடு (படலமில்லாத அளவு) எடுத்துவிடுங்கள்.

நிறமாலையின் வடிவத்தையும் பாருங்கள். ஆல்ஃபா எனப்படும் படிக வகைப் படலம் 620 மற்றும் 690 நானோமீட்டரை ஒட்டி இரண்டு மேடுகள் காட்டும். ஒரே கூரிய மேடு வந்தால் அது கரைசலின் முகம். திடப்படலம் அப்படி இருக்காது.

9. சாய்த்து அளத்தல்

ஒளி விழும் திசையும் பரப்பின் செங்குத்தும் சேர்ந்த தளம் படுதளம். மின்புலம் அந்தத் தளத்துக்குள் அதிர்ந்தால் பி நிலை, அதற்குச் செங்குத்தாக அதிர்ந்தால் எஸ் நிலை. மேடை செங்குத்து ஆணியைச் சுற்றித் திரும்பினால் படுதளம் கிடைமட்டமாக இருக்கும். அப்போது போலரைசரின் செங்குத்து அச்சுதான் எஸ். பெரும்பாலோர் இதைத் தலைகீழாக எழுதுகிறார்கள். ஒரு காகிதத்தில் வரைந்து கருவியின்மேல் ஒட்டிவிடுங்கள்.

எஸ் நிலையில் மின்புலம் எப்போதும் படலத்தின் பரப்பிலேயே கிடக்கும். பி நிலையில் சாய்க்கச் சாய்க்கப் படலத்தின் தடிமன் திசையில் ஒரு கூறு எழும். நின்ற தட்டுகள் அந்தக் கூறையும் விழுங்கும், படுத்தவை விழுங்கா. ஆகவே பி அளவை எஸ் அளவால் வகுத்தால் விகிதம் ஒன்றுக்கு மேல் என்றால் நிற்கின்றன, கீழ் என்றால் படுத்திருக்கின்றன. நூலிழை வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எல்லாத் திசையும் கலந்த படலத்துக்கு விகிதம் சரியாக ஒன்று.

அளக்கும் வரிசை: ஒரு கோணம் வையுங்கள், ஊசியைச் செருகுங்கள். படலமில்லாத பாதியில் எஸ், பி இரண்டும். ஸ்லைடை நகர்த்திப் படலமுள்ள பாதியில் எஸ், பி இரண்டும். பிறகே அடுத்த கோணம். எல்லா வெற்று அளவுகளையும் காலையில் எடுத்துவிட்டு, படல அளவுகளை மாலையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மேடை நடுவில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கணக்கு போய்விடும்.

அதே கோணத்தில் வெற்று அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? 60 டிகிரியில் எஸ் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைக் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் திருப்பி அனுப்பிவிடும். பி ஒளியை அந்தக் கோணத்தில் கண்ணாடி அனேகமாகத் திருப்புவதே இல்லை. நேர் ஒளியில் எடுத்த வெற்று அளவையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால், எஸ் அளவில் சுமார் 0.12 உட்கவர்தல் இல்லாத இடத்தில் முளைக்கும். 0.5 உட்கவரும் படலத்தில் 0.12 பொய் என்றால், நின்ற தட்டுகள் படுத்துவிட்டதாகக் கருவியே சொல்லும். இன்னொன்று, ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி 60 டிகிரி சாயும்போது கற்றையை அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ளும். வெற்றுப் பாதியும் அதே அளவு தள்ளுவதால்தான் அது கழிந்துபோகிறது.

10. கணக்கு

ஒவ்வொரு கோணத்துக்கும் பி ÷ எஸ் விகிதத்தைக் கணக்கிட்டு வரைபடத் தாளில் போடுங்கள். கிடை அச்சில் கோணத்தை அப்படியே போடாமல், படுகோணத்தின் சைன் வர்க்கத்தைப் போடுங்கள்: 0, 0.067, 0.25, 0.5, 0.75. புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். கோடு பூஜ்யத்தில் 1 என்ற இடத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் வெற்று அளவில் பிழை. நேர்கோடு 60 டிகிரியில் மட்டும் வளைந்தால் கற்றை படலத்தைத் தாண்டி வழிகிறது. ஒரே ஒரு கோணத்தில் அளந்து விடை எழுதுபவருக்கு இந்த எச்சரிக்கைகள் எதுவும் கிடைக்காது.

கோட்டின் சாய்வை எடுத்து, படலத்தின் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, 1 கூட்டுங்கள். அதை ம என்போம்:

ம = 1 + சாய்வு × (ஒளிவிலகல் எண்)²

ம என்பது தடிமன் திசை உட்கவர்தலுக்கும் பரப்புத் திசை உட்கவர்தலுக்கும் உள்ள விகிதம். தட்டுக்கான ஒழுங்கு எண்:

ஒழுங்கு எண் = 2 × (1 − ம) ÷ (2 + ம)

எல்லாம் படுத்திருந்தால் ம 0, ஒழுங்கு எண் 1. எல்லாம் நின்றிருந்தால் ம 2, ஒழுங்கு எண் −0.5. கம்பிக்கான சூத்திரத்தின் விடையை −2 ஆல் பெருக்கினால் இது வரும். முன்பு சொன்ன எச்சரிக்கை இதற்காகத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 டிகிரியில் எஸ் 0.50, பி 0.58. விகிதம் 1.16. சாய்வு 0.16 ÷ 0.75 = 0.213. ஒளிவிலகல் எண் 1.7 என்றால் ம 1.62, ஒழுங்கு எண் −0.34. தட்டுகளின் செங்குத்து, படலத்தின் செங்குத்திலிருந்து 71 டிகிரி விலகியிருக்கிறது என்று வரும். தட்டுகள் ஏறக்குறைய நிற்கின்றன.

அதே அளவுகளில் ஒளிவிலகல் எண்ணை 1.5 ஆக்கினால் 67 டிகிரி. 2.0 ஆக்கினால் 79 டிகிரி. 2.2 என்று போட்டால் ம 2-ஐத் தாண்டும். அது நடக்கவே முடியாதது. உட்கவர்தல் பட்டைக்குள் ஒளிவிலகல் எண் நிலையாக இருக்காது, மேலும் கீழும் ஆடும். எனவே எந்த எண்ணைப் பயன்படுத்தினீர்கள் என்று விடையின் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒளிவிலகல் எண்ணை அளக்கும் எலிப்சோமீட்டரின் அளவு கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காதவர்கள் இரண்டு எல்லைகளைக் கொடுப்பது நேர்மை. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தில் கோணம் எழுதிவரும் அறிக்கையை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஒரு மேட்டின் உயரத்தை மட்டும் எடுக்காமல் 550 முதல் 750 வரை மொத்தப் பரப்பளவையும் எடுத்துக் கணக்கிடுங்கள். அடுக்கி நிற்கும் மூலக்கூறுகளுக்கு இடையிலான உறவால் பட்டை பிளந்திருக்கிறது. இரண்டு மேடுகளும் ஒரே விகிதம் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

11. “கோணம்” என்று எழுதும் முன்

இந்த அளவீடு தருவது சராசரி. ஒழுங்கு எண் பூஜ்யம் என்றால் தட்டுகள் கண்டபடி கலந்திருக்கலாம். ஒவ்வொன்றும் துல்லியமாக 54.7 டிகிரியில் சாய்ந்திருந்தாலும் பூஜ்யமே வரும். பாதி படுத்து, பாதி நின்றாலும் ஒரு நடு எண் வரும். ஒளி உட்கவர்தல் மட்டும் இவற்றைப் பிரிக்காது. எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் பிரிக்கும்.

அதற்கு நாங்கள் கிண்டிப் பக்கம் போக வேண்டும். படலத்தைப் பஞ்சில் பொதியாமல், நான்கு மூலைகளில் மட்டும் பிடிக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நீல வழித்தட மெட்ரோவில் எடுத்துச் செல்கிறோம். பஞ்சு நார் பரப்பைத் தேய்த்தால் தேய்த்த திசையில் மூலக்கூறு திரும்பக்கூடும்.

12. அகச்சிவப்பு வேண்டுமென்றால்

தட்டின் தளத்தில் அதிரும் வளைய நீட்சிப் பட்டையும், தளத்துக்கு வெளியே மடங்கும் கார்பன் ஹைட்ரஜன் பட்டையும் ஒரே நிறமாலையில் கிடைப்பதால் அகச்சிவப்பு தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும்: ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும். அடித்தட்டில்தான் தவறு நடக்கிறது. கண்ணாடி உதவாது. கால்சியம் ஃபுளோரைடு 1000 அலைவெண்ணுக்குக் கீழே மறைத்துவிடும். தளத்துக்கு வெளியே மடங்கும் பட்டை அதற்கும் கீழே, 700 முதல் 850-க்குள் இருக்கிறது. பொட்டாசியம் புரோமைடு எல்லாம் காட்டும், ஆனால் எங்கள் கடற்கரைக் காற்றில் ஒரே நாளில் மங்கிவிடும். இருபுறமும் மெருகேற்றிய சிலிக்கான் வில்லைகளை வாங்கி வையுங்கள்.

13. சூடேற்றுதல் எப்போதும் கடைசி

காப்பர் தாலோசயனின் படலத்தை 200 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் ஆல்ஃபா வகை பீட்டா வகையாக மாறத் தொடங்கும். மேடுகள் நெடிய அலைநீளப் பக்கம் நகரும். திரும்ப வராது. டிரைஃபினிலீனும் ஒருமுறை உருகிவிட்டால் முதலில் எப்படி இருந்தது என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. மேலே கண்ணாடி மூடாத படலமாக இருந்தால் காற்றுப் பரப்பு தட்டுகளை நிமிர்த்தப் பார்க்கும். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் அடைபட்டிருந்தால் அவை பெரும்பாலும் படுக்கப் பார்க்கும். எனவே மூடியதா, திறந்ததா என்பதைச் சூடேற்றும் முன்பே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

சூடேற்றியபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து, அதே ஊசித் துளைகள், அதே வெற்றுப் பாதி, அதே வரிசையில் ஐந்து கோணங்களையும் மறுபடி அளக்கவும். மைக்ரோஸ்கோப்பில் கறுப்பாகத் தெரிந்தால், ஸ்லைடின் மூலையில் கீறல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.